தறிக்குழி ஈரம்

ஐப்பசி பிறந்ததிலிருந்து விடாமல் பெய்த மழையில் செல்லூர்த் தறிக்குழிகள் எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன. கண்மாய் நிரம்பிவிட்டால் தெருவுக்கு அடியிலேயே தண்ணீர் நடந்து வரும். குழியின் மண்சுவர் வேர்க்கும். குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கிற காலுக்குப் போட்ட சாக்கு சொதசொதவென்று ஆகிவிடும். அதற்காகத் தறி நிற்குமா? தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முதலாளி வீட்டு ஆள் தினமும் காலையில் குடையோடு வந்து, வாசலில் நின்றபடியே "எத்தனை சேலை அறுத்தாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவான். உள்ளே வரமாட்டான். வந்தால் செருப்பு நனைந்துவிடும்.

மலையம்மாள் வீட்டில் இரண்டு தறி. உள்பக்கம் சேலைத்தறி, வாசலை ஒட்டித் துண்டுத்தறி. இரண்டு தறி போக மிச்சமிருந்த இடத்தில்தான் அடுப்பு, தண்ணீர்க்குடம், மலையம்மாள் நாடாவுக்குள் போடும் தார்நூலைச் சுற்றுகிற ராட்டை, மருமகள் தங்கப்பொண்ணு கொண்டுவந்த தகரப்பெட்டி எல்லாம் இருந்தன. ராத்திரி மூன்று பேர் படுக்க வேண்டுமானால் ராட்டையைத் தூக்கித் தறிமேல் வைக்க வேண்டும்.

மகன் அழகுமலை அன்றைக்கு ஆறரை மணிக்கே தறியில் பூட்டுகிற பாவு நூல் வாங்கி வர முதலாளி வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது, "நீ தறியில உக்காராத. நான் வந்து ரெண்டையும் பாத்துக்கிறேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு வருஷமாகவே அவன் இப்படித்தான். குடம் தூக்காதே என்பான், தறியில் உட்காராதே என்பான். தன் நெசவு அவனுக்குப் பிடிக்கவில்லை, துண்டில் இழை விட்டுப்போகிறது போலிருக்கிறது என்று தங்கப்பொண்ணு நினைத்திருந்தாள். மலையம்மாள் நினைத்தது வேறு.

"பொண்டாட்டிய நகை மாதிரி பொத்தி வைக்கிறான்" என்று ராட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இந்தத் தெருவுல எந்தப் பொம்பள தறி மிதிக்கல? நானு நெறமாசமா இருக்கையில மிதிச்சவ. துண்டுத்தறி சும்மாதான கெடக்கு."

குத்திக்காட்டல் பாதி, அவசரம் பாதி. தங்கப்பொண்ணு துண்டுத்தறிக் குழிக்குள் காலை விட்டாள். ஐஸ் தண்ணீர் போல் இருந்தது. நாலு விரற்கடை நெய்திருப்பாள். நெஞ்சு திடீரென்று ஒழுங்கு தப்பிப் படபடவென்று அடித்தது. அது அவளுக்குப் புதிதில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டால் அடங்கிவிடும். அன்றும் அப்படிச் செய்தாள். அடங்கியது மாதிரி இருந்தபோதுதான் இடது தொடையிலிருந்து கால் நுனி வரைக்கும் கோடரியால் பிளந்த மாதிரி ஒரு வலி வந்தது.

"யாத்தே!"

தறியின் மிதிகட்டையை அழுத்தப் பார்த்தாள். கால் இருந்தது, அழுத்தம் இல்லை. கையை ஊன்றி மேலே ஏறி, தரையில் சரிந்தாள். காலைத் தூக்கித் தன் எதிரே போட்டுப் பார்த்தாள். வலது கால் வழக்கம்போல் கறுப்பாக இருந்தது. இடது கால் கஞ்சி போட்ட நூல் மாதிரி வெளுத்திருந்தது.

பார்த்த அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் இந்தக் கதையில் உள்ள கொடுமை. அந்த வீட்டில், ஏன், அந்தத் தெருவிலேயே அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளால்தான் அதைச் சொல்ல முடியாது.

பிறந்த ஊரான செக்கானூரணியில் பதினாலு வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது நெஞ்சில் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிற்று. இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும், கல்யாணம் பண்ணினால் டாக்டரிடம் கேட்காமல் பிள்ளை பெறக்கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் அப்பா மொக்கையன் நேர்மையான மனிதர். வந்த முதல் இரண்டு மாப்பிள்ளை வீட்டிலும் விஷயத்தைச் சொன்னார். முதல் வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், இரண்டாவது வீட்டார் அதைக்கூடக் குடிக்கவில்லை. மூன்றாவதாக அழகுமலை வீட்டார் வந்தபோது அவள் அம்மா ஒச்சம்மாள், "இனி வாயத் தொறந்தா நான் கெணத்துல விழுந்துருவேன்" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் திறக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷமாக ஊசி நிற்கவில்லை. "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பி, வைகைப் பாலத்தைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஊசியைப் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பஸ் ஏறுவாள். ஊசி போட்ட தேதியெல்லாம் எழுதிய அட்டை தகரப்பெட்டியில், அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது. போன வருஷ மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து பெட்டியே ஊறியது. அவள் அப்போது அம்மா வீட்டில் இருந்தாள். பதறிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தால், அட்டை ஒரு மூலை சுருங்கினதோடு பத்திரமாக இருந்தது. மாரியாத்தா காப்பாற்றினாள் என்று தேங்காய் உடைத்தாள்.

அந்த அட்டையைக் கொடுத்த டாக்டரம்மா ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்லியிருந்தார். "திடீர்னு கையோ காலோ சில்லிட்டு வெளுத்துப் போச்சுன்னா, அது ரத்தக்கட்டி போய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். சோறு பாதியில இருந்தாலும் எந்திரிச்சு ஓடி வரணும். ஆறு மணி நேரம்தான் டயம். ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. அப்போது பக்கத்தில் ஒச்சம்மாளும் தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

மலையம்மாள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பேயாண்டி வந்தார். நாற்பது வருஷம் குழியில் உட்கார்ந்த மனிதர். காலைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"குழி ஈரம் ஏறியிருக்கு. வேற ஒண்ணுமில்ல தாயி. இம்புட்டுச் சில்லுக் குழியில வெறுங்கால விட்டா நரம்பு சுருட்டிக்கிராது? எனக்கும் போன தை மாசம் இப்படித்தான், ரெண்டு நாள் காலு என்னுதா ஊரான் வீட்டுதான்னு தெரியல."

"ஆஸ்பத்திரிக்கு கீஸ்பத்திரிக்கு…" என்று மலையம்மாள் இழுத்தாள்.

"எதுக்கு? அங்க போனா ஊசியப் போடுவான், நரம்பு இன்னும் சுருட்டிக்கிரும். மணலை வறுத்து ஒத்தடம் குடுங்க. வேப்பெண்ணெயச் சூடு பண்ணித் தேய்ங்க. சாயங்காலம் புள்ள எந்திரிச்சு நடக்குதா இல்லையான்னு பாருங்க."

பேயாண்டியைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் கால் மரத்துப்போகாத ஆள் கிடையாது. மழைக்காலத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் மணல் வறுபடும். வேறு தெருவாக இருந்தால், வேறு தொழிலாக இருந்தால், இப்படி வெளுத்த காலைப் பார்த்து யாராவது பயந்திருப்பார்கள்.

"ஆமா பெரியப்பா, ஈரந்தான்" என்று தங்கப்பொண்ணும் சொன்னாள். சொல்லும்போது மூன்று வீடு தள்ளி இருந்த திண்டுக்கல்காரிப் பெண் அவள் நினைவில் வந்தாள். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு இருந்ததை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். தெரிந்த அன்றைக்கே அவளுடைய பெட்டியைத் தெருவில் வைத்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததை மலையம்மாளும் தங்கப்பொண்ணும் வாசலில் நின்று பார்த்தார்கள். "மறைச்சுக் குடுத்தா இதான்" என்று மலையம்மாள் அப்போது சொன்னாள். அதோடு விடாமல் உள்ளே போய் அந்தப் பெண்ணுக்கு ஒரு குடையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மருமகள் மனதில் நின்றது குடையல்ல, பெட்டிதான்.

எட்டரைக்கு அழகுமலை பாவைத் தோளில் போட்டு, மேலே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்தான். விஷயம் கேட்டதும் பாவை அப்படியே வைத்துவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்தான். அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். மலையம்மாள் ராட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உக்காராதன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

"சும்மா ஒரு விரக்கடை…"

காலைத் தொட்டான். கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"வேணாங்க. குழி ஈரந்தானாம். பெரியப்பா சொல்லிட்டுப் போறாக."

"வேற எதும் பண்ணுதா? நெஞ்சு கிஞ்சு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ வாயில் வந்ததைக் கேட்கிறான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"நெஞ்சுக்கு என்ன? கால்தான வலிக்குது."

"ஒண்ணுமில்லையே?"

"இல்லைங்கிறேன்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மா இருக்கிற பக்கம் பார்த்து, மூடிக்கொண்டான். பிறகு எழுந்து, "ஒங்க அம்மாவ வரச் சொல்லுவம். அவுகளுக்குத் தெரியும்" என்றான். முக்குக் கடையில் டீ குடிக்க வரும் செக்கானூரணி பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்து சேலைத்தறியில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் தறிச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அவன் மனசு அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். நாலு அடி ஓடும், நிற்கும். திரும்பிப் பார்ப்பான். மறுபடி நாலு அடி.

தங்கப்பொண்ணுக்கு நேரம் போகவும் செய்தது, போகாமலும் இருந்தது. அடுப்பில் மணல் வறுபடும் வாசனை. மலையம்மாள் துணியில் கட்டிக் கட்டி ஒத்தினாள். எட்டு மணிக்கு இருந்த வலி பத்து மணிக்குக் குறைந்தது. "பாத்தியா, ஒத்தடத்துக்குக் கேக்குது" என்று மலையம்மாளுக்கு ஒரே பெருமை. ஓட்டுச் சந்தில் வெளிச்சம் வருவதை வைத்துத் தங்கப்பொண்ணு மணியை எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. ஆறு மணி நேரம் என்றால் ஒரு மணி வரைக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி. ரிக்‌ஷாவில் கால்மணி நேரம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். மலையம்மாள் அந்த நேரம் பார்த்து, "கொஞ்சம் கஞ்சி குடிக்கிறியாத்தா?" என்பாள். இப்படி அன்பாகக் கேட்கிறவளிடம் நான் உன்னை ஏமாற்றித்தான் இந்த வீட்டுக்குள் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வைதுகொண்டாவது இருந்தால் சொல்லிவிட்டிருப்பாள்.

பதினோரு மணிக்குக் கால் விரலை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பயத்தில் மூத்திரம் வரும்போல் இருந்தது. தனக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது, அழுகை வந்தது. வலியில் அழுகிறாள் என்று மலையம்மாள் இன்னும் கொஞ்சம் மணலை அடுப்பில் கொட்டினாள்.

ஒச்சம்மாள் வந்து சேர ஒன்றரை ஆகிவிட்டது. முந்தானையில் முருங்கைக்கீரை, கையில் ஒரு தூக்குச்சட்டி. கொட்டும் மழையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"வாங்க மதினி. பயப்படாதீக, குழி ஈரந்தான்" என்று மலையம்மாள் வரவேற்றுவிட்டு, சோற்றை வடிக்கப் பானையோடு கொல்லைப்பக்கம் போனாள். அழகுமலை மாமியாரைப் பார்த்ததும் தறியை விட்டு இறங்கி, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லி வேண்டுமென்றே வெளியே போய் நின்றான்.

ஒச்சம்மாள் போர்வையை விலக்கினாள். தொட்டாள். அவள் முகத்தில் இருந்த மழைத்தண்ணீர்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. காலில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

"எப்ப இருந்துடி?"

"ஏழு மணிக்கு. அம்மா, சொல்லிரவா?"

"வாய மூடு."

"டாக்டரம்மா சொன்னாகள்ல, ஆறு மணி…"

"எனக்குத் தெரியாதா? நானும்தான நின்னேன்." ஒச்சம்மாள் குரலை இறக்கினாள். "இங்கருந்து போனா இவுக கூட வருவாக. டாக்டர் கேப்பாக, அட்டையக் கேப்பாக. எல்லாம் வெளிய வந்துரும். நான் ஒன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன். பாலம் தாண்டுனதும் நேரா ஆஸ்பத்திரிதான். கொஞ்ச நேரம் பொறுத்துக்க, என் தங்கம்."

யோசனை நல்ல யோசனைதான். மலையம்மாள் நல்லவளாக இல்லாதிருந்தால் அது பலித்திருக்கும்.

"கூட்டிட்டுப் போறதா?" என்று மலையம்மாள் சோற்றுப்பானையோடு நின்றுவிட்டாள். "நல்லாருக்கே! காலு எந்திரிக்க முடியாத புள்ளைய மழைக்குள்ள பஸ்ஸுல ஏத்தி அனுப்பவா? நோவு வந்ததும் ஆத்தா வீட்டுக்குத் தள்ளிவிட்டாடான்னு ஊரு காறித் துப்பும் மதினி. என் வீட்டுப் புள்ளைக்கு நான் பாக்க மாட்டனா? நல்லாகட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

"இல்ல மதினி, எங்க ஊருல ஒரு வைத்தியர்…"

"பேயாண்டிக்குத் தெரியாததா ஒங்க வைத்தியருக்குத் தெரியப்போகுது? உக்காருங்க. மொதல்ல சாப்பிடுங்க."

சண்டை போடுகிற சம்பந்தியிடம் சண்டை போடலாம். தட்டை வைத்துச் சோற்றைப் போடுகிறவளிடம் என்ன செய்வது? ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு கவளத்தை வாயில் போட்டாள், அது இறங்கவில்லை. மகள் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தாயும் மகளும் ஒருத்தி வாயை ஒருத்தி அடைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வெளியே மழை விட்டிருந்தது. ரிக்‌ஷாக்கள் மணியடித்துக்கொண்டு போனது நன்றாகக் கேட்டது.

மூன்றரை மணிக்கு மலையம்மாள் மணல் மூட்டையை மாற்ற வந்தாள். முந்தி வைத்த மூட்டை பாதத்தின் மேலேயே இருந்தது. சம்பந்திக்குச் சோறு போடுகிற பராக்கில் அதை எடுக்க மறந்துவிட்டாள். தூக்கினாள். புறங்காலில் ரூபாய் அகலத்துக்கு மூன்று கொப்புளம் எழும்பி, அதில் ஒன்று உடைந்து தோல் துணியோடு வந்துவிட்டது.

"அடி பாவி! சுடுதுன்னு சொல்லக் கூடாதாடி?"

தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்தாள்.

"சுடலையே அத்தே" என்றாள்.

மலையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கொப்புளத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷம் தறி வீட்டில் இருந்தவள். மரத்துப்போன காலில் சூடு பட்டால் கொஞ்சம் தாமதித்தாவது உறைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அழகுமலை!" அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. "ஏலே, இது ஈரம் இல்லடா! தூக்குடா புள்ளைய!"

அழகுமலை உள்ளே ஓடி வந்தான். அவளைத் தூக்குவதற்கு முன்னால் தகரப்பெட்டிப் பக்கம் ஒரு நிமிஷம் குனிந்து நிமிர்ந்தான். சேலை எடுக்கிறான் போலிருக்கிறது என்று தங்கப்பொண்ணு நினைத்தாள்.

பாலத்தின் மேல் ரிக்‌ஷா போகும்போது வைகையில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஒச்சம்மாள் மகளை மடியில் போட்டு அழுதுகொண்டே வந்தாள். அழுகைக்கு நடுவிலும் காதருகில் குனிந்து, "கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லிரு" என்றாள். பின்னால் மலையம்மாள் மருமகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். செருப்பு எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். டாக்டர் இளவயசுக்காரர். தொடையில் விரலை வைத்துப் பார்த்தார், முழங்காலுக்குப் பின்னால் பார்த்தார், பாதத்தில் பார்த்தார். ஒரு குண்டூசியால் குத்திக் குத்திக் கேட்டார். தங்கப்பொண்ணு எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"காலைல ஏழு மணிக்குங்க" என்றான் அழகுமலை.

டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். "எந்த ஊரு?"

"செல்லூரு."

"செல்லூரா? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு ஒன்பது மணி நேரம் என்ன பண்ணுனீங்க?" பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டார். "இந்தப் பொண்ணுக்கு முன்னால இருதயத்துல கோளாறு எதும் இருந்ததா?"

"அதெல்லாம் ஒண்ணுமே கெடையாதுங்க" என்று ஒச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள். இனி என்ன மிச்சம், சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். அதற்குள் அழகுமலை பேசிவிட்டான்.

"இருக்கு சார். வால்வு சுருங்கியிருக்காம். இருபத்தொரு நாளைக்கு ஒருக்கா ஊசி. கடைசியாப் போட்டு பதினேழு நாள் ஆச்சு."

இடுப்பு மடிப்பிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு மூலை சுருங்கிய அதே அட்டை.

வாசற்படியில் செருப்போடு நின்ற மலையம்மாள், "டேய், ஒனக்குத் தெரியுமாடா?" என்றாள். அவன் அம்மா பக்கம் திரும்பவில்லை. ஒச்சம்மாள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் அட்டையைப் புரட்டிவிட்டு அவனை வெளியே அழைக்காமல் அங்கேயே சொன்னார். மறைத்துச் சொல்ல நேரமில்லை என்று நினைத்திருப்பார். "இருதயத்துலருந்து ஒரு ரத்தக்கட்டி வந்து காலுக்குப் போற குழாய அடைச்சிருக்கு. காலைலயே வந்திருந்தா அதை எடுத்துட்டு ரத்தத்த ஓட விட்டுப் பாத்திருக்கலாம். இப்ப சதை செத்துப் போச்சு. விட்டா வெசம் மேல ஏறிரும். முழங்காலுக்கு மேல எடுத்தாத்தான் உயிரு. யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க, ஆனா சீக்கிரம் யோசிங்க."

அவர் நர்ஸோடு அந்தப் பக்கம் போனார். மலையம்மாள் உள்ளே வந்து செருப்பு இரண்டையும் கட்டிலுக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டு, சம்பந்திக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "நான்தான உக்காரச் சொன்னேன்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

அழகுமலை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"எப்பப் பாத்தீக?" என்று கேட்டாள் தங்கப்பொண்ணு.

"போன வருச மழையில. பொட்டியில தண்ணி போயிருச்சு. தாளெல்லாம் கூழாப் போச்சு. அட்டையத் தறி மேல போட்டுக் காயவச்சு, புதுத்தாள் விரிச்சு, இருந்த எடத்துலயே வச்சேன். மருந்துக்கடைக்காரர்ட்டக் காட்டிக் கேட்டேன், நெஞ்சு வியாதின்னு சொன்னாரு."

"ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நான் கேட்டா நீ பயந்துருவ. அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுல ஒனக்கு நிம்மதி இருக்காது" என்றான் அவன். "நெஞ்சுக்குன்னுதான் நான் நெனச்சேன், புள்ள. இது காலுக்கு வரும்னு எனக்கு யாரு சொன்னா? காலைலகூடக் கேட்டனே, நெஞ்சு எதும் பண்ணுதான்னு. நீ இல்லன்னுட்டியே."

ஏழு மணியிலிருந்து யாரிடம் மறைத்துக்கொண்டு கிடந்தாளோ அவனுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எட்டரை மணிக்கு அவன் குத்த வைத்து உட்கார்ந்து கேட்டபோது, ஆமாம் என்ற ஒரு வார்த்தை.

அவன் அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்கியது, ஆனால் கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. கை இரண்டையும் எங்கே வைத்திருக்கிறான் என்று அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய இடது பாதத்தைக் கொப்புளம் உரசாமல் உள்ளங்கைகளுக்குள் பொத்திப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.